மலைமண்ணும் அரசு மானியமும்

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஏற்காட்டோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பகுதி திருமணிமுத்தாறாகச் சேலம் நகரின் வழியே ஓடிக் காவிரியை அடைகின்றது. மற்றொரு பகுதி வாணியாறாகத் தருமபுரிப் பக்கம் இறங்கித் தென்பெண்ணையிற் கலக்கின்றது. நீரோடு மண்ணும் இறங்குகின்றது. மலைச்சரிவில் ஓர் உழவன் கல்வரப்புக் கட்டினால், அவன் நிலம் மட்டுமா பயனடைகின்றது? கீழே உள்ள ஏரியில் வண்டல் குறைகின்றது. கிணற்றில் நீர் ஊறுகின்றது. அவ்வாறாயின், அவ்வரப்பின் செலவு முழுவதையும் அவன் ஒருவனே ஏற்பது நீதியாகுமா? இவ்வினாவுக்கு நம் நாட்டு அரசுகள் காலந்தோறும் அளித்த விடையே இன்றைய பேச்சின் பொருள்.

பழைய நாளில் ஏரியோ கிணறோ வெட்டி நிலத்தைத் திருத்தியவருக்கு வரியிற் சலுகை காட்டும் வழக்கம் தென்னாட்டின் பல பகுதிகளில் இருந்தது. தசபந்த மானியம் என்பது அதன் பெயர். 1792-ஆம் ஆண்டில் சேலம் சீமை கும்பினியார் கைக்கு வந்தது. 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டிற் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். நாளடைவில் தோட்டங்கள் பெருகின, காடுகள் குறைந்தன. காப்பித் தோட்டத்துரைமார் ஒருபுறமும், சாமையும் கேழ்வரகும் விளைத்து வந்த மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் மறுபுறமுமாக அம்மலையில் வாழ்ந்தனர். இம்மக்கள் கேரளத்தார் அல்லர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது இவர்கள் மரபு.

1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கொடுமையாக வாட்டியது. 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 இலட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை 1881-இல் சுமார் 16 இலட்சமாகக் குறைந்தது. நிலத்தைக் காத்தாலன்றி மக்களைக் காத்தல் இயலாதென்பதை அரசினர் உணர்ந்தனர். 1871-இலேயே நிலத் திருத்தச் சட்டம் ஒன்று இருந்தது. பஞ்சத்துக்குப் பின் அதனினும் விரிவான நிலத் திருத்தக் கடன் சட்டம் 1883-இல் இயற்றப்பட்டது. தக்காவிக் கடன் என்று சிற்றூர்களில் வழங்கப்பட்டது இதுவே.

அச்சட்டத்தைப் படிப்பவர் வியப்படைவர். கிணறு வெட்டவும் குளம் கட்டவும் மட்டுமன்றி, வெள்ளத்தாலும் நீரரிப்பாலும் நிலம் கெடாதபடி தடுக்கவும் கடன் பெறலாம் என்று அது கூறிற்று. கடனைத் தவணைகளாக அடைக்க 35 ஆண்டுகள் வரை காலம் உண்டு. கடன் பெற்றுத் திருத்திய நிலத்தின் மதிப்பு உயர்ந்தாலும், சில விலக்குகள் நீங்கலாக, அவ்வுயர்வைக் காட்டி வரியைக் கூட்டலாகாது. ஊரார் பலர் கூடிக் கூட்டுப் பொறுப்பிற் கடன் பெறவும் வழி இருந்தது.

இத்துணை நல்ல சட்டம் ஏன் பெரும்பயன் தரவில்லை? கடன் பெறுவோனுக்கு நிலத்தின்மேல் உரிமை இருத்தல் வேண்டும். பட்டா இல்லாத மலைவாசி எதனை ஈடு காட்டுவான்? நிலுவை நின்றால் நிலவரிப் பாக்கியைப் போலவே வசூலிப்பர் என்னும் அச்சமும் இருந்தது. மேலும் காப்பிச் செடி காய்ப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும்; நிழல்மரம் வளர அதனினும் நாளாகும்; வட்டியோ காத்திருப்பதில்லை. 1951-52-இல் நடைபெற்ற அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வின்படி, உழவர் பெற்ற கடனில் அரசு தந்தது 3.3 விழுக்காடே. ஏறத்தாழ 70 விழுக்காடு வட்டிக்கடைக்காரரிடம் பெற்றதாகும்.

விடுதலைக்குப்பின் எண்ணம் மாறியது. மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1955-இலும், மண்காப்பு முதலிய நில மேம்பாட்டுத் திட்டங்களுக்காக 1959-இலும் சென்னை மாநிலத்தில் சட்டங்கள் பிறந்தன. உழவனைப் பார்த்து, ‘உன் மரத்தை நீ விரும்பியபடி வெட்டாதே’ என்று கூறும் அரசு, அவன் பொதுநன்மைக்காகச் செய்யும் பணியின் செலவிலும் பங்கேற்க வேண்டுமன்றோ? இவ்வாறு கடனோடு மானியமும் இடம்பெறலாயிற்று. 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த காப்பி வாரியம், பிற்காலத்தில் மறுநடவுக்கும் நீர்வசதிக்கும் மானியம் வழங்கியது. தமிழ்நாட்டிற் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் ஏனையோர்க்கு 75 விழுக்காடும் மானியம் அளிக்கும் முறை ஏற்பட்டது.

ஆயினும் பழைய தடைகள் அனைத்தும் நீங்கிவிடவில்லை. பல மானியத் திட்டங்களில் உழவன் முதலிற் கைப்பணத்தைச் செலவிட்டு வேலையை முடித்தல் வேண்டும். அதிகாரி வந்து அளந்து பார்த்த பின்னரே பணம் கிடைக்கும். பெருந்தோட்டக்காரருக்கு இது தொல்லையன்று. இரண்டு ஏக்கர் சரிவில் காப்பியும் மிளகும் பயிரிடும் மலைவாசிக்கோ இதுவே பெருந்தடை. பட்டாக் குறையை நீக்க 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒரு வழி காட்டியுள்ளது. கைப்பணக் குறைக்கு வேலையின் தொடக்கத்திலேயே ஒரு தவணை தருவதும், 1883-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிய கூட்டுப் பொறுப்பை ஊர்தோறும் மீண்டும் கைக்கொள்வதும் தக்க மருந்துகளாகும்.

நேயர்களே, மலைச்சரிவின் வரப்புக்கு அரசு தரும் பணத்தைத் தருமம் என்று கருதுதல் தவறு. அடிவாரத்தில் நீர் பருகும் நாம் அனைவரும் மேலே உழைப்பவனுக்குச் செலுத்த வேண்டிய கூலியின் ஒரு பங்கே அது. அக்கூலி காலத்தில் சென்று சேர்கின்றதா என்று கேட்பது நம் கடமை.