டெலிமா கற்றல் தளம்: தோட்டப்புறப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் விரும்பி நுழைய என்ன தேவை?

காப்பாரிலிருந்து ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூர் செல்லும் சாலையில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும், இப்பகுதியில் செம்பனைத் தோட்டங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் உள்ள உறவு. இந்தப் பள்ளிகளில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வி அமைச்சு ஓர் இணையக் கற்றல் கணக்கை இலவசமாக வழங்குகிறது. அந்தத் தளத்தின் பெயர் டெலிமா. உங்கள் வீட்டுப் பிள்ளையின் டெலிமா கடவுச்சொல் எழுதிய தாள் இப்போது எங்கே இருக்கிறது? உடனே பதில் சொல்ல முடியாத பெற்றோருக்காகவே இக்கட்டுரை.

டெலிமா என்பது என்ன?

மலேசிய இலக்கவியல் கல்விக் கற்றல் முன்னெடுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கமே டெலிமா. கூகல், மைக்ரோசோப்ட், ஆப்பிள் ஆகிய நிறுவனங்களின் ஒத்துழைப்போடு 2020 ஜூன் மாதம் கல்வி அமைச்சு இதனைத் தொடக்கியது. ஒரே கணக்கைக் கொண்டு கூகல் வகுப்பறைக்குள் நுழையலாம்; மைக்ரோசோப்ட் செயலிகளையும் கன்வா வரைகலைச் செயலியையும் பயன்படுத்தலாம்; மின்னியல் பாடநூல்களைப் படிக்கலாம். அரசாங்கப் பள்ளிகள், அரசாங்க உதவி பெறும் பள்ளிகள் ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் கட்டணம் எதுவும் இல்லை.

முன்பு நடந்தது என்ன?

பள்ளிகளுக்கான இணையக் கற்றல் தளம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஒன் பெஸ்தாரிநெட் திட்டத்திற்கான குத்தகை 2011ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. நாடு முழுவதும் 10,000 பள்ளிகளுக்கு இணையச் சேவையும், ஃபிராக் வி.எல்.இ. என்ற மெய்நிகர் கற்றல் தளமும் கொண்டு செல்வது அதன் நோக்கம். 15 ஆண்டுகளுக்கு 400 கோடி வெள்ளிக்கு மேல் மதிப்பிடப்பட்ட பெரிய திட்டம் அது.

ஆனால் 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் ஆகியோர் அத்தளத்தைப் பயன்படுத்திய அளவு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று சுட்டிக்காட்டியது. 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. கணக்கு எல்லாருக்கும் இருந்தது, பயன்படுத்தத்தான் ஆளில்லை. டெலிமாவை மேம்படுத்த நினைப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய பாடம் இது.

நோய்த்தொற்றுக் காலம் காட்டிய உண்மை

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு கல்வி அமைச்சு ஏறக்குறைய 9 லட்சம் மாணவர்களை உட்படுத்தி ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. கருவி இருந்தவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது கைத்தொலைபேசி மட்டுமே. சொந்த மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 10 விழுக்காட்டிற்கும் குறைவு.

இந்த இடைவெளியைக் குறைக்க, 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் செர்டிக் திட்டம் அறிவிக்கப்பட்டது. அரசு சார்ந்த நிறுவனங்களின் 15 கோடி வெள்ளி நிதியில், 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு இணைய வசதியுடன் மடிக்கணினிகள் வழங்குவது அதன் இலக்கு. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை நாளொன்றுக்கு 1 ஜிபி இலவசத் தரவு வழங்கின.

அந்தப் பத்து மணி நேரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்யும் தந்தையோ, தொழிற்சாலைக்குச் செல்லும் தாயோ கைத்தொலைபேசியோடு வீட்டுக்கு வெளியே இருக்கும் நேரம் அதுதான். அவர்கள் திரும்பி வந்து, அண்ணன் பாடம் முடித்து, தம்பியின் கைக்குத் தொலைபேசி வரும்போது இலவச நேரம் முடிந்திருக்கும். பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று சொல்வதற்கு முன், அவன் கைக்குக் கருவி எந்த நேரத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆசிரியர்கள் வர என்ன வேண்டும்?

ஆசிரியர் இல்லாத தளத்தில் மாணவர் தங்குவதில்லை. ஆகவே மேம்பாடு ஆசிரியரிடமிருந்தே தொடங்க வேண்டும். இணையப் பாடம் ஆசிரியரின் வேலையைக் குறைக்க வேண்டும்; புலனத்தில் ஒருமுறை, டெலிமாவில் ஒருமுறை, கோப்பில் ஒருமுறை என்று மூன்று மடங்காக்கக் கூடாது.

முதலாவது, தயார்ப் பாடங்கள். தமிழ்ப்பள்ளிகளில் கணிதம், அறிவியல் உட்படப் பல பாடங்கள் தமிழில் நடக்கின்றன. ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியே பயிற்சித்தாள் தயாரிப்பதைவிட, கோலசிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுவாரியாகப் பிரித்துக்கொண்டு தயாரித்துப் பகிரலாம். ஜெராமில் ஓர் ஆசிரியர் செய்த நான்காம் ஆண்டு பின்னப் பயிற்சி, பெஸ்தாரி ஜெயாவிலும் ஈஜோக்கிலும் அப்படியே பயன்படும்.

இரண்டாவது, மதிப்பீட்டோடு இணைப்பு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு அகற்றப்பட்ட பின் வகுப்பறை மதிப்பீடே முதன்மை பெறுகிறது. இணையத்தில் மாணவர் செய்யும் பயிற்சி அந்த மதிப்பீட்டுக்கும் சான்றாக அமைந்தால் ஆசிரியருக்கு அது கூடுதல் சுமையாக இராது.

மூன்றாவது, உடன் பணியாற்றுபவரின் உதவி. ஒரு நாள் பயிலரங்கில் கேட்டது மறுவாரம் மறந்துவிடும். பள்ளியில் கணினி நன்கறிந்த ஓர் ஆசிரியர் வாரத்தில் அரை மணி நேரம் மற்றவர்களோடு அமர்ந்தால் போதும். பலரின் தயக்கம் நீங்கும்.

மாணவர்கள் வர என்ன வேண்டும்?

உலகப் புகழ்பெற்ற கான் அகாடமி ஒரு பெரிய திட்டமாகத் தொடங்கவில்லை. 2004ஆம் ஆண்டு சல்மான் கான் என்பவர் வேறு ஊரில் இருந்த தம் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசி, இணையம் வழியாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு 2006இல் சிறு காணொலிகளை யூடியூபில் ஏற்றினார். 2008இல் அது அறநிறுவனமானது. ஒரு பிள்ளையின் சந்தேகத்திற்குப் பதில் சொல்வதிலிருந்தே அந்தத் தளம் வளர்ந்தது.

நம் பிள்ளைகளும் தங்கள் சந்தேகம் தீரும் இடத்திற்கே திரும்பி வருவார்கள். 40 நிமிடக் காணொலியைவிட, ஒரே கணக்கை விளக்கும் 5 நிமிடக் காணொலி நல்லது, தரவும் மிச்சமாகும். பாடம் கைத்தொலைபேசியின் சிறு திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். அனுப்பிய பயிற்சிக்கு இரண்டொரு நாளில் ஆசிரியரிடமிருந்து ஒரு வரியாவது பதில் வர வேண்டும். பதில் வராத இடத்திற்குப் பிள்ளை இரண்டாம் முறை போகமாட்டான்.

தமிழ்நாடு எடுத்துக்காட்டும் நமக்குப் பயன்படும். பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபரில் அங்கு இல்லம் தேடிக் கல்வி திட்டம் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் குடியிருப்புப் பகுதிகளுக்கே சென்று 1 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்களுக்குக் கற்பித்தனர். தொலைக்காட்சியும் இணையமும் எட்டாத பிள்ளையை அருகிலிருக்கும் ஓர் அக்காளால் எட்ட முடிந்தது.

பெற்றோரும் சங்கங்களும் செய்யக்கூடியவை

• பிள்ளையின் டெலிமா அடையாளப் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, பிறர் கண்ணில் படாத இடத்தில் பத்திரமாக வையுங்கள். மறந்துவிட்டால் பள்ளியின் டெலிமா பொறுப்பாசிரியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

• வீட்டில் ஒரே கைத்தொலைபேசி என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் வேலை நேரத்தை ஆசிரியரிடம் தெரிவியுங்கள். பயிற்சியை அனுப்ப இரவு வரை தவணை கேட்பதில் தவறில்லை.

• இணையம் கிடைக்கும் இடத்தில் பாடநூல் பக்கங்களையும் காணொலிகளையும் முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள்.

• அருகில் அரசாங்கத்தின் நாடி மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கு கணினியும் இணையமும் பொதுமக்களுக்குக் கிடைக்கும்.

• பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் வாரம் இரு மாலைகள் பள்ளியின் கணினி அறையையோ ஆலய மண்டபத்தையோ திறந்து வைக்க ஏற்பாடு செய்யலாம். படிவம் 4, 5 மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் தம்பி தங்கைகளுக்கு வழிகாட்டலாம்.

பெற்றோரிடம் பலமுறை கேட்கும் சொல், "எனக்குக் கணினி தெரியாது" என்பது. தெரிய வேண்டியதில்லை. "இன்றைக்கு டெலிமாவில் ஆசிரியர் என்ன கொடுத்தார்? காட்டு பார்ப்போம்" என்று பிள்ளையிடம் கேட்டால் போதும். அந்தக் கேள்விக்காகவாவது அவன் தளத்தைத் திறப்பான். அவன் திறப்பது தெரிந்தால் ஆசிரியரும் அடுத்த பாடத்தை ஏற்றுவார்.