உள்ளங்கையில் ஒரு படை

சேலத்திலிருந்து ஈரோடு போகும் வழியில், சமவெளிக்கு நடுவே தனியாக எழுந்து நிற்கிறது சங்ககிரி மலை. அடிவாரத்தில் தொடங்கி உச்சிவரை அடுக்கடுக்காக மதில்கள். இன்று லாரிகளுக்குப் பேர்போன இந்த ஊரில்தான் 1805ல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். தென்கிழக்கே நாமக்கல்லில், ஒரே பாறையின் தலைமேல் இன்னொரு கோட்டை. அதை 1768ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், பிறகு ஹைதர் அலி மீட்டுக்கொண்டார். கடைசியில் 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது.

இந்தப் போர்களை ஒரு மேசைமேல் நடத்திக் காட்ட முடியுமா? முடியும். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத உலோகச் சிப்பாய்களை வார்த்து, வண்ணம் தீட்டி, மலையும் ஆறும் அமைத்து, அளவுகோலும் தாயக்கட்டையும் வைத்துப் போர் நடத்தும் பொழுதுபோக்கு ஒன்று உலகில் இருக்கிறது. அதற்கென்றே ஆண்டுதோறும் கண்காட்சிகளும் நடக்கின்றன. லண்டனில் 1972ல் தொடங்கிய 'சல்யூட்' அவற்றில் புகழ்பெற்றது. ஆனால் அந்த மேசைகளில் எந்தப் போர் நடக்கிறது, யார் நிற்கிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்கிறவர் விளையாடுகிறவர் அல்ல, அச்சு செய்கிறவர். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சதுரங்கத்தில் தொடங்கியது

சதுரங்கம் என்ற பெயரிலேயே படை இருக்கிறது. சதுர் என்றால் நான்கு, அங்கம் என்றால் உறுப்பு. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படைதான் அந்தப் பலகையில் நிற்கிறது. இந்தியாவில் பிறந்த இந்த ஆட்டம் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது.

1780ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தைப் பெரிதாக்கினார். 64 கட்டங்களுக்குப் பதிலாக 1,600க்கும் மேற்பட்ட கட்டங்கள். மலை, சதுப்புநிலம், நீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வெறும் பலகையாக இருந்தது இப்போது நிலப்பரப்பாகிவிட்டது.

பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் அடுத்த படி ஏறினார். 1812ல் அவர் தம் அரசருக்குக் காட்டிய விளையாட்டில் கட்டங்களே இல்லை. இடம் மாற்றி அடுக்கக்கூடிய தட்டுகளில் மேடும் பள்ளமும் ஆறும் இருந்தன. அவருடைய மகன் 1824ல் விதிநூலை வெளியிட்டார். 1:8,000 அளவில் வரைந்த வரைபடத்தின்மேல் படைகளைக் குறிக்கும் சிறு கட்டைகள், இழப்பைக் கணக்கிடத் தாயக்கட்டை, இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர். பிரஷ்யத் தளபதி முஃப்லிங், முதலில் ஆர்வமில்லாமல் பார்க்கத் தொடங்கி, பிறகு இது விளையாட்டல்ல, போர்ப் பயிற்சி என்று வியந்து தம் படைக்குப் பரிந்துரைத்தார். 1870–71ல் பிரஷ்யா பிரான்சைத் தோற்கடித்ததும் மற்ற நாட்டு ராணுவங்களும் இதைக் கற்க ஆரம்பித்தன.

இந்த ஆட்டங்களில் வீரன் வெறும் கட்டைதான். அவனுக்கு முகம் கிடையாது. முகம் வேறொரு வழியில் வந்தது.

வெள்ளீயமும் ஈயமும்

ஜெர்மனியின் நூரம்பர்க் நகரம் பொம்மைக்குப் பெயர்போனது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹில்பர்ட் குடும்பத்தினர் அங்கே வெள்ளீயச் சிப்பாய்களை வார்த்து விற்றார்கள். காகிதத்தில் வெட்டியதுபோலத் தட்டையான பொம்மைகள் அவை. கரும்பலகைக் கல்லில் தலைகீழாகச் செதுக்கிய இரண்டு பாதி அச்சுகளைச் சேர்த்துப் பிடித்து, உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். 1839ல் தொழில் தொடங்கிய ஹைன்ரிக்சன், வீரனின் உயரத்தை ஏறக்குறைய 30 மில்லிமீட்டராக வைத்தார். அதன்பின் பல பட்டறைகளின் பொம்மைகளும் ஒரே மேசையில் அருகருகே நிற்க முடிந்தது.

இந்தியாவிலும் இது நடந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் விசாகப்பட்டினம் பகுதியில் பெத்தாபுரம் அரசருக்காகப் பித்தளையில் ஒரு சிறு படையே வார்க்கப்பட்டது. அதன் உருவங்கள் சில இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. நம் கைவினைஞருக்கு இந்த வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது ஓர் அரசருக்காகச் செய்தது. கடைக்கு வந்து நூறு வீட்டுக்குப் போகவில்லை.

கடைக்கு வந்தது லண்டனில். 1893ல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்ற வேண்டும். அச்சின் சுவரைத் தொட்ட உலோகம் முதலில் உறையும். நடுவில் உறையாமல் இருப்பதை உடனே கவிழ்த்து வெளியே விட வேண்டும். உள்ளே கூடு, வெளியே முழுச் சிப்பாய்! உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. 54 மில்லிமீட்டர் உயரமுள்ள இந்தப் பொம்மைகள் ஜெர்மன் சரக்கைச் சந்தையில் பின்னுக்குத் தள்ளின.

அந்தச் சிவப்புப் பெட்டிகளில் பிரிட்டிஷ் பேரரசின் பல படைகள் அணிவகுத்தன. சென்னை மாகாணத்தின் காலாட்படையும் ஈட்டிக் குதிரைப்படையும் அவற்றில் உண்டு. தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய், தலைப்பாகையோடு, லண்டன் சிறுவனின் மேசையில் பேரரசுக்காக நின்றான். அந்த மேசையில் அவனுக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான்.

விளையாட்டும் போரும்

பொம்மைக்கு விதி சேர்ந்தால்தான் போர் விளையாட்டு. எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881–82 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் ஊரில், வளர்ப்பு மகனோடு தரையில் படுத்துக்கொண்டு பொம்மைச் சிப்பாய்களை மோதவிட்டார். 1913ல் எச்.ஜி.வெல்ஸ் 'சின்னப் போர்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு விதிநூல் எழுதினார். சுருள்வில் பொருத்திய பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு எதிரியின் சிப்பாயைச் சாய்க்க வேண்டும். உண்மைப் போர் எவ்வளவு முட்டாள்தனமானது என்று புரிய இதை விளையாடிப் பாருங்கள் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் வெடித்தது. அந்தப் புத்தகத்தால் ஒரு குண்டும் நிற்கவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பெரியவர்கள் இந்த விளையாட்டை மறுபடி கையில் எடுத்தார்கள். அமெரிக்காவில் ஜாக் ஸ்க்ரூபி மலிவான உருவங்களை வார்த்து விற்றார். 1957ல் இதற்கென்றே ஓர் இதழும் தொடங்கினார். இங்கிலாந்தில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962ல் எழுதிய புத்தகம் பலரை இதற்குள் இழுத்துவந்தது. 1970களில் கற்பனை உலகப் படைகளும் சேர்ந்தன. 1983ல் வந்த 'வார்ஹாமர்' இதைப் பெரிய வணிகமாக்கியது.

ஒரு சிப்பாய் பிறக்கும் விதம்

கண்காட்சிக்கு ஒரு புது உருவம் கொண்டுவர வேண்டுமென்றால் வேலை எப்படி நடக்கும்?

முதலில் கம்பியால் ஒரு எலும்புக்கூடு. 28 மில்லிமீட்டர்தான் உயரம். அதன்மேல், இரண்டு பொருள்களைக் கலந்தால் சில மணி நேரத்தில் இறுகும் எபாக்ஸி பசையை அப்பி, ஊசி முனையால் சட்டையும் முகமும் செதுக்குவார்கள். உண்மை விகிதத்தில் செதுக்கினால் சரிவராது. துப்பாக்கிக் குழல் மயிரிழையாகிவிடும், வார்க்கும்போது அதுவரை உலோகம் ஓடாது. மேசையில் கைநீட்டும் தூரத்திலிருந்து பார்த்தால் முகமும் தெரியாது. அதனால் தலை, கை, ஆயுதம் மூன்றையும் வேண்டுமென்றே சற்றுப் பெருக்குவார்கள்.

அடுத்தது அச்சு. மூல உருவத்தை வட்டமான இரண்டு ரப்பர் தட்டுகளுக்கு நடுவே வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ரப்பரைப் பதப்படுத்துவார்கள். பிறகு உலோகம் ஓட வாய்க்காலும், காற்று வெளியேற நுண்ணிய வழியும் வெட்டுவார்கள். காற்று மாட்டிக்கொண்டால் சிப்பாய்க்கு விரல் இருக்காது. அச்சைச் சுழலும் இயந்திரத்தில் பூட்டி நடுவில் உலோகத்தை ஊற்றினால், சுழற்சியின் விசை அதை ஓரம்வரை தள்ளும். முன்பு ஈயக் கலவை பயன்பட்டது. ஈயம் நஞ்சு என்பதால் பின்னர் வெள்ளீயம் மிகுந்த கலவைகள் வந்தன. இன்று பலர் கணினியில் செதுக்கி, பிசினில் முப்பரிமாண அச்சு எடுக்கிறார்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுத் தொழில் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி பழகிய விஷயமாகத் தோன்றும். நகை வார்ப்பிலும் ரப்பர் அச்சு உண்டு. ஆனால் வெள்ளி உருக 960 டிகிரிக்கு மேல் வேண்டும், அந்தச் சூட்டில் ரப்பர் கருகிவிடும். அதனால் ரப்பர் அச்சில் மெழுகை வார்த்து, மெழுகைச் சுற்றி மாவுக்கூடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு வெள்ளியை ஊற்றுகிறார்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகுவதால் நேராக ரப்பரில் ஊற்றலாம். ஆக, கொலுசு செய்யும் ஊருக்குச் சிப்பாய் செய்வது ஒரு படி எளிய வேலை.

சங்ககிரி மேசைக்கு வந்தால்

கைத்திறன் இருக்கிறது. அப்படியானால் தடை எங்கே?

முதல் தடை கணக்கு. 28 மில்லிமீட்டர் வீரன் என்றால் அளவு சுமார் 1:60. 200 மீட்டர் உயரமுள்ள ஏதாவது ஒரு மலையை அந்த அளவில் செய்தால்கூட 3 மீட்டரைத் தாண்டும். எந்த மேசையும் தாங்காது. 6 மில்லிமீட்டர் வீரர்களோடு 1:300 அளவுக்கு இறங்கினால் அதே மலை சுமார் 67 சென்டிமீட்டர். இல்லையென்றால் முழு மலையை விட்டுவிட்டு ஒரே ஒரு வாயிலை மட்டும் பெரிதாகச் செய்யலாம். ஆட்களும் அப்படித்தான். 20 உருவங்கள் சில நூறு பேரைக் குறிக்கும்.

இரண்டாவது தடை பெரியது. உடை! கம்பெனிச் சிப்பாயின் சிவப்புச் சட்டையை ஓவியங்களில் பார்க்கலாம். திப்புவின் காலாட்படை அணிந்த புலிவரி உடையைப் பற்றியும் சான்றுகள் உண்டு. ஆனால் சின்னமலையோடு நின்ற கொங்கு நாட்டு விவசாய வீரன் என்ன உடுத்தியிருந்தான், எந்த ஆயுதத்தை எப்படிப் பிடித்திருந்தான் என்பதை அதே துல்லியத்தோடு சொல்லும் படங்கள் எளிதில் கிடைப்பதில்லை. வென்றவர்களிடம் பதிவேடும் ஓவியரும் இருந்தார்கள். ஊசிமுனையோடு உட்காரும் சிற்பிக்கு ஒரு பக்கம் பொத்தான் எண்ணிக்கைவரை கிடைக்கிறது. மறுபக்கத்துக்கு நடுகற்கள், கோயில் சிற்பங்கள், பழைய ஆயுதங்கள், வாய்மொழிக் கதைகள் ஆகியவற்றைத் தேடி அலைந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. தேடாமல் செய்தால் சினிமா உடைதான் உலோகத்தில் வரும். நூறு பேர் வாங்கிவிட்டால் அதுவே வரலாறாகவும் ஆகிவிடும்.

மூன்றாவது, விதி. நம் வீடுகளில் ஆண்டுதோறும் நவராத்திரிக்குக் கொலு வைக்கிறோம். கல்யாண செட், கிரிக்கெட் செட், சந்தை செட் என்று மண்ணிலும் காகிதக்கூழிலும் எத்தனையோ சிற்றுருவங்கள்! அதுவும் ஒரு கண்காட்சிதான். ஆனால் கொலுப் பொம்மை வைத்த இடத்தில் நிற்கும். போர் விளையாட்டின் பொம்மை நகர வேண்டும், தோற்க வேண்டும், சில நேரம் எதிர்பாராமல் ஜெயிக்கவும் வேண்டும். கோட்டைக்குள் எத்தனை நாள் உணவு இருந்தது, செங்குத்துப் படியில் பீரங்கியை எத்தனை பேர் இழுக்க வேண்டும் என்று விதி எழுதுகிறவர் கேட்டே ஆக வேண்டும். பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துபோகிற முற்றுகை அப்போதுதான் கேள்விகளாகப் பிரியும்.

மேசையில் சின்னமலை ஜெயிக்கலாம். அதனால் 1805 மாறிவிடாது. ஆனால் ஏன் தோற்றார் என்பதற்குத் துரோகம், விதி என்ற பழைய பதில்களைத் தாண்டி, ஆள், தூரம், மருந்து, சோறு என்று கணக்குப் போட்டுப் பார்க்க முடியும்.

அடுத்த முறை சங்ககிரியைக் கடக்கும்போது மலையை ஒரு நிமிடம் நிமிர்ந்து பாருங்கள். அதன் ஒரு வாயிலாவது ஒரு சாப்பாட்டு மேசையில் அடங்கிவிடும். மதில்மேல் நிற்கவேண்டிய ஆட்களுக்கு என்ன சட்டை போடுவது என்பதை மட்டும் யாராவது கண்டுபிடிக்க வேண்டும்.