திரும்பி வரும் அலை



துணி காயப்போடும் கயிற்றின் ஒரு நுனியைத் தூணில் கட்டுங்கள். மறு நுனியைக் கையில் பிடித்து ஓர் உதறு உதறுங்கள். ஒரு நெளிவு ஓடிப்போய்த் தூணில் மோதி, உங்கள் கைக்கே திரும்பி வரும். தூணுக்குப் பதிலாக அந்த நுனியில் தடித்த கயிறு ஒன்றை முடிந்து உதறினால், நெளிவில் ஒரு பங்கு தடித்த கயிற்றுக்குள் போகும். மறு பங்கு திரும்பிவிடும். இரண்டும் ஒரே கனமான கயிறுகளாக இருந்தால், முடிச்சிலிருந்து எதுவும் திரும்பாது.

மின் அலையின் குணமும் இதுதான். அமெச்சூர் வானொலிக்காரர் என்பவர் அரசாங்க உரிமம் பெற்று, வீட்டிலிருந்தே தம் கருவியைக் கொண்டு பிற நாட்டாருடன் பேசுகிறவர். அவருடைய கருவியிலிருந்து ஏரியலுக்கு ஒரு கேபிள் செல்கிறது. கயிற்றுக்குக் கனம் எப்படியோ, அப்படிக் கேபிளுக்கும் ஏரியலுக்கும் மின்மறுப்பு என்ற ஒரு தன்மை உண்டு. அதை ஓம் என்ற அளவால் குறிப்பார்கள். 50 ஓம் கேபிளில் 50 ஓம் ஏரியலைப் பொருத்தினால், அனுப்பிய ஆற்றல் முழுவதையும் ஏரியல் வாங்கிக்கொள்ளும். 150 ஓம் ஏரியலைப் பொருத்தினாலோ, அதை அடையும் ஒவ்வொரு 100 வாட்டிலும் 25 வாட் திரும்பிவிடும். அப்போது கருவிக்கு ஒவ்வாத சுமை ஏறும், அது சூடாகும், கேபிளிலும் ஆற்றல் வெப்பமாக வீணாகும்.

இந்தக் கணக்கை உலகுக்குத் தந்தவர்களில் முதன்மையானவர் ஆலிவர் ஹெவிசைடு. 1850-ஆம் ஆண்டில் லண்டனில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். தந்தை மரத்தில் படம் செதுக்கும் தொழிலாளி. சிறு வயதில் வந்த காய்ச்சலால் ஹெவிசைடுக்குக் காது மந்தமாயிற்று. 16 வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பிறகு தந்தி அனுப்பும் வேலையில் சேர்ந்தார். 1874-இல் அதையும் விட்டுவிட்டு, பெற்றோர் வீட்டில் ஓர் அறையில் உட்கார்ந்து மின்னியலைத் தாமே கற்றார். கல்லூரி வாசலை அவர் மிதித்ததில்லை.

1886-இல் 'இம்பீடன்ஸ்' என்ற சொல்லை உருவாக்கியவர் அவரே. நாம் மின்மறுப்பு என்பது அதைத்தான். கம்பியின் முடிவில் அதற்குப் பொருத்தமான மின்தடையை வைத்தால், வரும் அலை முழுவதும் அங்கேயே அடங்கிவிடும், திரும்பாது என்று கணக்கிட்டுக் காட்டினார். நெடுந்தூரத் தொலைபேசியில் பேச்சு குழம்பிப்போவதற்கும் 1887-இல் வழி சொன்னார்: கம்பியில் மின்தூண்டலைக் கூட்ட வேண்டும் என்றார். ஆனால் பிரிட்டிஷ் தபால் துறையின் மூத்த மின்பொறியாளர் வில்லியம் பிரீஸ், மின்தூண்டல் தொலைபேசிக்குப் பகை என்று நம்பியவர். ஹெவிசைடும் அவருடைய அண்ணனும் எழுதிய கட்டுரையை வெளிவராமல் தடுத்தார். அதே வழி 1900-ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்காவில் பயனுக்கு வந்தது. காப்புரிமைப் பணம் வேறொருவருக்குச் சென்றது.

ஆனால் உண்மை அடங்கிக் கிடக்கவில்லை. 1888-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலையைத் துத்தநாகத் தகட்டில் மோதவிட்டார். போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து, சில இடங்களில் ஓங்கியும் சில இடங்களில் ஒடுங்கியும் நிற்பதைக் கண்டார். இதுவே நிலையலை. இன்றும் அமெச்சூர்கள் கேபிளில் ஒரு மானியைப் பொருத்தி, நிலையலை விகிதத்தைப் பார்க்கிறார்கள். 1 என்று காட்டினால் முழுப் பொருத்தம். நாம் சொன்ன 150 ஓம் ஏரியலுக்கு அது 3 என்று காட்டும்.

கம்பியில் அலை திரும்புவது நட்டம். வானத்தில் திரும்புவது லாபம். மேலே உயரத்தில் மின்சாரம் கடத்தும் அடுக்கு ஒன்று இருக்கலாம் என்று 1902-இல் எழுதியவரும் இதே ஹெவிசைடுதான். 1923 நவம்பரில் அமெச்சூர்கள் அமெரிக்காவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் 100 மீட்டர் அளவான சிற்றலையில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி இருவழித் தொடர்பு கொண்டார்கள். அந்த அலைகளை மண்ணுக்குத் திருப்பிவிட்டது அந்த உயர் அடுக்குதான். 1924-இல் எட்வர்ட் ஆப்பிள்டன் சோதனை மூலம் அந்த அடுக்கு இருப்பதை மெய்ப்பித்தார். அதற்கு அடுத்த ஆண்டு, 1925-இல், ஹெவிசைடு வறுமையிலும் தனிமையிலும் காலமானார்.

நேயர்களே! அமெச்சூர் ஒருவர் தம் ஏரியலைக் கேபிளோடு பொருத்தும்போதெல்லாம், பழைய தந்திக்காரர் ஒருவர் போட்ட கணக்கையே கையாளுகிறார். பதவியில் இருந்தவர் மறுத்ததால் அந்தக் கணக்குப் பொய்யாகிவிடவில்லை. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றதே என்று வருந்தும் பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. அவர்களுக்கு இந்த மனிதரின் கதையைச் சொல்லுங்கள். நின்றுபோனது பள்ளிக்கூடம்தான், படிப்பு அன்று.