ஊரை விட்ட பெயரும் வீட்டில் அடைந்த பெயரும்: பிராங்பேர்ட் வட்டாரத்து இடப்பெயர்க் குடும்பப் பெயர்கள்

இந்தியாவின் கடைசி வைஸ்ராய் 1900-இல் பிறந்தபோது அவர் பெயர் மவுண்ட்பேட்டன் அல்ல, பேட்டன்பெர்க். முதல் உலகப் போரில் ஜெர்மன் என்றாலே பகை என்றிருந்த இங்கிலாந்தில், 1917 ஜூலையில் அந்தக் குடும்பம் தன் பெயரை ஆங்கிலப்படுத்திக்கொண்டது. 'பெர்க்' என்றால் ஜெர்மன் மொழியில் மலை. ஆங்கிலத்தில் மலைக்குரிய 'மவுண்ட்' என்ற சொல்லை எடுத்துப் பெயரின் முன்னே வைத்தார்கள். அதே வாரத்தில் அரச குடும்பமும் தன் ஜெர்மன் பெயரைக் கைவிட்டு வின்ட்சர் என்று மாறியது. வின்ட்சர் என்பதும் ஊர்ப்பெயர்தான்.

பேட்டன்பெர்க் என்பது ஹெஸ்ஸன் மாநிலத்தில், பிராங்பேர்ட்டுக்கு வடக்கே ஏடர் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். ஹெஸ்ஸன் இளவரசர் அலெக்சாண்டர் அரச குலத்தில் பிறக்காத யூலியா ஹௌகெ என்ற பெண்ணை மணந்தார். யூலியாவுக்கு ஒரு பட்டம் வேண்டியிருந்தது. 1851-இல் அந்த ஊரின் பெயர் அவருக்குப் பட்டமாகக் கொடுக்கப்பட்டது. குடும்பம் வாழ்ந்தது அங்கல்ல, தார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே ஹைலிகன்பெர்க் மாளிகையில். ஆக, முன்னோர் குடியிருக்காத ஒரு ஊரின் பெயர் 66 ஆண்டுகளில் உருமாறி, ஆங்கிலேயப் பெயராகி, 1947-இல் டெல்லி வரை வந்தது. இடப்பெயர் ஒன்று குடும்பப் பெயராவதற்கு அந்த இடத்தில் வாழ்ந்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இங்கிலாந்தில் இவ்வகைப் பெயர்களின் தொடக்கம் நில உடைமையோடு சேர்ந்தது. நார்மானியப் பிரபுக்கள் 'டெ' என்ற முன்னொட்டோடு தங்கள் நிலத்தின் பெயரைச் சூடினார்கள். 12ஆம் நூற்றாண்டில் டர்ஹம் வட்டாரத்தில் ஹெர்ட்பர்ன் என்ற ஊரை உடைய வில்லியம் என்பவர், அதைக் கொடுத்து வெஸ்ஸிங்டன் என்ற ஊரை மாற்றாக வாங்கினார். ஊர் மாறியதும் பெயரும் வில்லியம் டெ வெஸ்ஸிங்டன் ஆயிற்று. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவருக்கும் அதன் தலைநகருக்கும் பெயர் அங்கிருந்துதான் வந்தது. ஜெர்மன் பிரபுக்களின் 'ஃபொன்' செய்வதும் இதே வேலைதான்.

சாதாரண மக்கள் விஷயத்தில் இடப்பெயரின் வேலை நேர் எதிரானது. நிலம் உடையவன் தான் ஆளும் ஊரின் பெயரைச் சூடினான். நிலம் இல்லாதவனுக்கோ அவன் விட்டு வந்த ஊரின் பெயர் சூட்டப்பட்டது. 'சூடினான்', 'சூட்டப்பட்டது' என்ற இரண்டு வினைகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் இந்தப் பெயர்களின் வரலாறு முழுவதும் என்பது என் கருத்து.

பிராங்பேர்ட்டையே எடுத்துக்கொள்வோம். மாமன்னர் சார்ல்மேன் திருச்சபைப் பேரவையைக் கூட்டிய 794ஆம் ஆண்டில்தான் இந்த ஊர் முதன்முதலாக எழுத்தில் பதிவாகிறது. பொருள், பிராங்குகள் ஆற்றைக் கடந்த துறை. 'ஃபுர்ட்' என்பதும், ஆக்ஸ்போர்டு, பிராட்போர்டு, ஸ்டாபோர்டு ஆகியவற்றின் கடைசியில் நிற்கும் ஆங்கில 'போர்டு' என்பதும் ஒரே வேரின் கிளைகள். நம் மயிலாடுதுறையும் பருத்தித்துறையும் காங்கேசன்துறையும் நினைவுக்கு வராமல் இருக்காது.

இந்த ஊரிலிருந்து பிறந்த குடும்பப் பெயர் பிராங்பர்ட்டர். 'அர்' என்று ஒலிக்கும் விகுதி 'அந்த ஊர்க்காரர்' என்ற பொருள் தரும். ஊருக்குள் எல்லோரும் பிராங்பர்ட்டர்களே. அங்கே அந்தப் பெயரால் ஒருவரையும் இன்னொருவரையும் பிரித்தறிய முடியாது. பெயர் பயன்பட வேண்டுமானால் அவர் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1939 முதல் 1962 வரை நீதிபதியாக இருந்த ஃபெலிக்ஸ் பிராங்பர்ட்டர் பிறந்தது வியன்னாவில். ஓடர் நதிக்கரையிலும் ஒரு பிராங்பேர்ட் இருப்பதால், இந்தப் பெயர் உள்ள குடும்பம் ஒவ்வொன்றுக்கும் எந்தத் துறை என்று தனியாகத் தேடித்தான் சொல்ல முடியும்.

இந்த விதியைத் தமிழர்களுக்கு விளக்கவே தேவையில்லை. அகநானூற்றிலும் குறுந்தொகையிலும் நற்றிணையிலும் பாடல்கள் உள்ள ஒரு புலவரின் பெயர் மதுரை ஈழத்துப் பூதன்தேவனார். ஈழத்திலேயே இருந்திருந்தால் அவருக்கு 'ஈழத்து' என்ற அடை எதற்கு? மதுரைக்கு வந்தபின் அங்கிருந்த வேறு பூதன்தேவன்களிடமிருந்து பிரித்துக் காட்டவே அது தேவைப்பட்டிருக்கும். அதன் முன்னே 'மதுரை' என்பதும் சேர்ந்திருக்கிறது. வந்த ஊரும் வாழ்ந்த ஊரும் ஒரே பெயருக்குள் நிற்கின்றன. கர்நாடக இசையிலும் இப்படித்தான்: அரியக்குடியும் செம்மங்குடியும் சென்னை சபாக்களின் மேடையில் ஒலித்த பெயர்கள். அந்தந்தக் கிராமத்துத் தெருவில் ஒருவரை அப்படிக் கூப்பிட்டால் யாரென்று எவருக்கும் புரியாது.

எத்தனை பேருக்கு எந்தப் பெயர் என்ற கணக்கும் இதிலிருந்தே புலப்படும். ஜெர்மனியில் மிகுதியாக வழங்கும் பெயர்கள் முல்லர், ஷ்மிட், ஷ்னைடர், ஃபிஷர், வேபர்: மாவரைப்பவர், கொல்லர், தையற்காரர், மீனவர், நெசவாளர். எல்லாம் தொழிற்பெயர்கள். இங்கிலாந்திலும் ஸ்மித்தான் முதலிடம். இடத்தைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்களில் ஹில், வுட் போன்றவை மட்டும் பல்லாயிரக்கணக்கில் உண்டு. குன்றும் காடும் எந்த ஊரிலும் இருந்ததால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல குடும்பங்கள் தனித்தனியே அந்தப் பெயரைப் பெற்றன. ஒரே ஒரு கிராமத்தைச் சுட்டும் பெயர் அப்படிப் பெருக வழியில்லை. ஆனால் அந்த அருமையே அதன் மதிப்பு. 'ஷ்மிட்' என்ற பெயர் எந்த ஊரையும் காட்டாது. 'ஓப்பன்ஹைமர்' என்ற பெயர் மைன்ஸுக்குத் தெற்கே ரைன் நதிக்கரையில் இருக்கும் ஓப்பன்ஹைம் என்ற ஒரு சிறு நகரை விரல் நீட்டிக் காட்டும்.

பிராங்பேர்ட்டில் இந்தப் பொது வழக்கோடு வேறொரு வழக்கும் வளர்ந்தது. 1460-இல் நகர மன்றம், பேரரசர் மூன்றாம் ஃபிரீட்ரிக்கின் வற்புறுத்தலால், யூதர்களைப் பழைய மதிலுக்கு வெளியே ஒரே சந்துக்குள் குடியேறச் செய்யும் முடிவுக்கு வந்தது. அதுதான் யூடன்காஸெ, அதாவது யூதர் சந்து. நீளம் ஏறத்தாழ 330 மீட்டர், அகலம் மூன்று நான்கு மீட்டர், மூன்று வாயில்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிறித்தவத் திருநாள்களிலும் அவை பூட்டப்படும். தொடக்கத்தில் அங்கே நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் ரைன் நகரங்கள் பலவும் தங்கள் யூதர்களை வெளியேற்றியதால், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் 3,000 பேர் அளவில் நெருக்கியடித்து வாழும் நிலை வந்தது. சந்தின் எல்லை நீளவில்லை. வீட்டைப் பிளந்து இரண்டாக்கினார்கள், கொல்லையில் கட்டினார்கள், மாடிமேல் மாடி எழுப்பினார்கள்.

இவ்வளவு பேருக்கும் வழங்கிய இயற்பெயர்களோ சில டஜன்தான்: மோசஸ், ஈசாக், மேயர், ஆம்ஷெல், லோவ். ஒரே சந்தில் பத்து ஈசாக்குகள் இருந்தால் எந்த ஈசாக்கு என்று எப்படிச் சொல்வது? வீட்டை வைத்துத்தான். வீட்டு வாசலில் ஒரு சின்னம் தொங்கும் அல்லது தீட்டப்பட்டிருக்கும். கப்பல் சின்னம் உள்ள வீட்டார் ஷிஃப், கூஜா வீட்டார் கான், கழுகு வீட்டார் ஆட்லர், கருங்கேடயத்தார் ஷ்வார்ட்ஸ்ஷில்ட், செங்கேடயத்தார் ரோட்ஷில்ட். வீட்டுப் பெயர் வைக்கும் பழக்கம் யூதர்களுக்கு மட்டும் உரியதன்று. அண்டை நகரான மைன்ஸில் அச்சுக்கலையின் தந்தையின் குலப்பெயர் கென்ஸ்ஃப்ளைஷ். குட்டன்பெர்க் என்பது அவர் குடும்பம் வாழ்ந்த மனையின் பெயர். ஆனால் கிறித்தவக் குடும்பம் ஒன்று நகருக்குள் விரும்பிய தெருவுக்கு மாறலாம். யூதர் சந்தில் அது முடியாது. வெளியேற முடியாதவர்களுக்கு ஊர்ப்பெயர் பயன்படாமல் போய் வீட்டின் பெயரே முகவரியாயிற்று. அடைத்து வைத்ததால் பிறந்த பெயர்கள் என்று இவற்றைச் சொல்வது மிகையல்ல.

முகவரி எப்போது குடும்பப் பெயராக உறைகிறது? ரோட்ஷில்ட் குடும்பத்தில் இதை ஆண்டு குறித்தே பார்க்கலாம். ஈசாக், எல்கனானின் மகன், 1560களில் செங்கேடய வீட்டைக் கட்டினார். தொடக்க காலத்தில் வீடு மாறினால் பெயரும் மாறுவது சந்தின் வழக்கம். இந்தக் குடும்பம் 1664-இல் அந்த வீட்டைவிட்டுச் சந்தின் பின்புறத்தில் ஹின்டர்ஃபான் என்ற வீட்டுக்குப் போயிற்று. பெயர் மாறவில்லை. 1744-இல் மேயர் ஆம்ஷெல் பிறந்தது அங்கேதான். வங்கித் தொழிலில் உயர்ந்தபின் 1780களில் அவர் வாங்கிய வீட்டின் பெயர் பச்சைக் கேடயம். அப்போதும் அவர் செங்கேடயத்தாராகவே இருந்தார். வாசலில் பச்சையும் பெயரில் சிவப்புமாக நின்ற அந்த நாளில் 'ரோட்ஷில்ட்' முகவரியாக இல்லை, குடும்பப் பெயராகிவிட்டிருந்தது. அந்த இரட்டை வீட்டின் மறு பாதியில் இருந்தவர்கள் ஷிஃப் குடும்பத்தார்.

நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று யூதர்களுக்கு அரசுகள் ஆணையிட்டது பிறகுதான்: ஆஸ்திரியா 1787-இல், நெப்போலியன் 1808-இல், பிரஷ்யா 1812-இல். ஜெர்மன் நிலப்பகுதிகளின் பிற இடங்களில் பெரும்பாலான யூதர்கள் அதுவரை நம்மைப்போலவே தந்தை பெயரால் அறியப்பட்டவர்கள். பிராங்பேர்ட் சந்துக்கு அந்தச் சட்டம் வரும் முன்பே பெயர்கள் உறைந்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

மேயர் ஆம்ஷெலின் மகன் நேதன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மான்செஸ்டருக்குப் போனார், பிறகு லண்டனுக்கு. அங்கே பெயர் பிளவுபட்டது. 'ரோட்' சிவப்பு, 'ஷில்ட்' கேடயம் என்பதுதான் மூலப் பிரிவு. ஆங்கிலேயக் காது அதை 'ராத்ஸ்' என்றும் 'சைல்ட்' என்றும் பிரித்து, கேடயத்தைக் குழந்தையாக்கிவிட்டது. தமிழ் இதழ்களில் ராத்சைல்ட் என்று நாம் எழுதுவது அந்தத் தவறான பிரிப்பின் வாரிசு. 1822-இல் ஆஸ்திரியப் பேரரசர் நேதன் உள்ளிட்ட சகோதரர்கள் ஐவருக்கும் பரோன் பட்டம் கொடுத்தார். 'ஃபொன்', 'டெ' என்ற நில உடைமையின் முன்னொட்டுகள், குடும்பம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே காலிசெய்த ஒரு வீட்டின் வாசல் சின்னத்தோடு போய் ஒட்டிக்கொண்டன. பெயரின் தோற்றத்தை அறிந்தவர்களுக்கு அந்த ஒட்டு மனத்தைத் தொடும்.

கருங்கேடயத்தாரில் கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்ட் 1873-இல் பிராங்பேர்ட்டில் பிறந்தார். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்கு முதல் துல்லியத் தீர்வு கண்ட வானியலாளர். கருந்துளையின் எல்லையைக் கணக்கிடும் ஆரம் அவர் பெயரால் வழங்குகிறது. இயற்பியல் வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்லும் மாணவர்கள், குறுகிய சந்தொன்றின் வீட்டுச் சின்னத்தைத்தான் உச்சரிக்கிறார்கள்.

சந்துக்குள் ஊர்ப்பெயர்கள் இல்லாமலும் இல்லை. வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் தங்கள் ஊர்களைக் கொண்டுவந்தார்கள். ஷ்பையர் நகரிலிருந்து வந்தவர்கள் ஷ்பையர் குடும்பம். அந்த வழியில் வந்த எட்கர் ஷ்பையர் லண்டன் சுரங்க ரயிலுக்கு நிதி திரட்டியவர். சந்துக்கு வெளியேயும் ஊர்ப்பெயர்கள் பயணம் செய்தன: இயற்பியலாளர் ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தந்தை யூலியுஸ், பிராங்பேர்ட்டுக்குக் கிழக்கே உள்ள ஹானவ் நகரில் 1871-இல் பிறந்து 1888-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

ஜெர்மனிக்கு 1980களில் வந்த ஈழத் தமிழர்களிடம் நடந்தது இதன் மறுதலை. விண்ணப்பப் படிவம் குடும்பப் பெயர் கேட்டது. தந்தையின் பெயரை அங்கே எழுதினார்கள். அது அப்படியே உறைந்தது. இங்கே பிறந்த பிள்ளைகள் பலர் பாட்டனின் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அது பூட்டனின் பெயர். ஜெர்மனியின் வட கடலோர ஃப்ரீசியர்களுக்கும் தந்தை பெயர் மரபு உண்டு. 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த பெயர்ச் சட்டம் அவர்களுடைய மரபுக்கு இடம் தந்திருக்கிறது. ஆனால் பெயரில் எங்குமே இடம் கிடைக்காமல் போனது நம் ஊர்தான். மரண அறிவித்தலில் மட்டும் அது திரும்பி வருகிறது: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், பிராங்பேர்ட்டை வதிவிடமாகவும் கொண்டவர் என்று. ஈழத்துப் பூதன்தேவனாருக்குப் பெயரிலேயே கிடைத்த இரண்டு ஊர்கள் நம் மக்களுக்குச் சாவுச் செய்தியில்தான் கிடைக்கின்றன. பாஸ்போர்ட்டில் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் கையில் இருக்கும் ஏதாவது ஒரு தாளில் ஊரின் பெயரை எழுதிக் கொடுங்கள் என்று இங்குள்ள பெற்றோரைக் கேட்டுக்கொள்வேன்.

யூதர் சந்து இன்று இல்லை. அங்கேதான் வாழவேண்டும் என்ற கட்டாயம் 1811-இல் நீங்கியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலான வீடுகளை இடித்தார்கள். 1987-இல் அங்கே கட்டடம் எழுப்பத் தோண்டியபோது அடித்தளங்கள் வெளிப்பட்டன. மக்கள் போராடியதால் ஐந்து வீடுகளின் அடித்தளம் தப்பியது. 1992-இல் அது அருங்காட்சியகமாயிற்று. செங்கிடா, வெண்கிடா என்ற வீடுகளின் கற்சுவர்களுக்கு இடையே இன்று நடந்து போகலாம்.

அருகில் பழைய யூத இடுகாடு. 1812-இல் இறந்த மேயர் ஆம்ஷெல் அங்கே அடங்கியிருக்கிறார். கல்லறைகள் பலவற்றில் பெயரோடு வீட்டின் சின்னமும் செதுக்கப்பட்டிருக்கிறது. இடுகாட்டு மதிலின் வெளிப்புறத்தில் வரிசை வரிசையாகச் சிறிய எஃகுக் கட்டிகள், 11,000-க்கும் மேல். நாஜிகள் கொன்ற பிராங்பேர்ட் யூதர்களின் நினைவாக 1996-இல் திறக்கப்பட்ட சுவர் அது. ஒவ்வொரு கட்டியிலும் பெயர், பிறந்த நாள், இறந்த இடம். மதிலிலிருந்து கட்டிகள் துருத்தி நிற்பதால் வருகிறவர்கள் அவற்றின்மேல் கூழாங்கல் வைத்துவிட்டுப் போகிறார்கள். எழுத்து வரிசையில் நடந்தால் ஓப்பன்ஹைமர்களும் ரோட்ஷில்டுகளும் வருகிறார்கள். குடும்பப் பெயரில் முன்னோர் விட்டு வந்த ஊர் அல்லது அடைபட்ட வீடு, கீழே ஆஷ்விட்ஸ், மின்ஸ்க், தெரேசியன்ஸ்டாட். பிராங்குகளின் துறையில் 1929-இல் பிறந்த ஆன் ஃபிராங்குக்கும் அங்கே ஒரு கட்டி உண்டு.

பிராங்பேர்ட்டில் விமானம் மாறும் தமிழர்களுக்கு அரை நாள் இருந்தால், அந்தச் சுவர் பட்டோன் தெருவில் இருக்கிறது. கான்ஸ்டாப்ளர்வாஹெ நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம்.