பெயர் மாறிய அன்னபூரணி

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் உள்ளூர் ஓடாவியர் 1930-இல் கட்டிய பாய்மரக் கப்பல் ‘அன்னபூரணி அம்மாள்’ ஆகும். 89 அடி நீளமும் 19 அடி அகலமும் கொண்ட இதனை, சிறு படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். அவர் தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ எனப் புதுப்பெயர் இட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகள் சூயஸ் வழியாக இதனைச் செலுத்தி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் மீன்பிடித் துறைமுகமான குளோஸ்டரை அடைந்தனர்.

கட்டிய ஊரில் ‘அன்னபூரணி’ என்ற பெயரே நிலைத்தது. அன்னம் நிறைந்தவள் என்னும் பொருள் புதுப்பெயரில் இல்லை. கப்பலின் பிறப்பிடமும் அதில் புலப்படவில்லை. எனவே இக்கப்பல் பற்றிய ஆவணங்களை மொழிபெயர்ப்போர் ஒரு பெயரை மட்டும் கொள்வாராயின், ஒரே கப்பல் இரண்டாகிவிடும். ஓடாவியரின் பங்கும் மறைந்துபோகும். இரு பெயர்களையும் இணைத்தே வழங்குதல் வேண்டும்.