முதுகெலும்பில் போட்ட ஸ்க்ரூ: எலும்பு கூடிய பிறகு எடுக்கணுமா, அப்படியே விடலாமா?

மாடியில் இருந்தோ மரத்தில் இருந்தோ விழுபவர்களுக்கு முதுகெலும்பில் அதிகம் உடைவது, மார்புப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடம்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் டி12, எல்1 என்று இருப்பது அந்த எலும்புகளையே குறிக்கும். மேலே விலா எலும்புகள் பிடித்து வைத்திருக்கும் பகுதி அதிகம் அசையாது, கீழே இருப்பது நன்றாக வளையும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் விழுந்த வேகம் போய் இறங்கிவிடுகிறது.

உடைந்த எலும்புக்கு மேலும் கீழும் உள்ள எலும்புகளில் டைட்டானியம் ஸ்க்ரூக்களைப் போட்டு, இரு பக்கமும் கம்பியால் இணைப்பார்கள். பொதுவாகக் குறைந்தது 4 ஸ்க்ரூ, 2 கம்பி. எலும்பு கூடிய பிறகு ரிவியூவுக்குப் போகும்போது, "இதை எடுத்துடலாமா?" என்ற கேள்வி வரும்.

எல்லாருக்கும் எடுக்கணுமா?

இல்லை. முதல் ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது இது. எலும்புத் துண்டுகளை வைத்து முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்திருந்தால் அது ஃப்யூஷன். தொந்தரவு இல்லாதவரை ஸ்க்ரூ உள்ளேயே இருக்கலாம்.

ஒட்ட வைக்காமல் ஸ்க்ரூவும் கம்பியும் மட்டும் போட்டிருந்தால் கதை வேறு. எலும்பு கூடியபின்னும் அந்த மூட்டுகள் அசையப் பார்க்கும், கம்பி விடாது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிகிறதே, அதே மாதிரி ஸ்க்ரூ தளரலாம், உடையவும் செய்யலாம். அதனால்தான் இளம் வயதினருக்குப் பெரும்பாலும் 9 முதல் 12 மாதங்களில் எடுத்துவிடச் சொல்கிறார்கள். ஆனால் தொந்தரவே இல்லாதவருக்கும் எடுக்கத்தான் வேண்டுமா என்பதில் டாக்டர்களிடையே ஒரே கருத்து கிடையாது. வயதானவர்கள், எலும்பு தேய்மானம் உள்ளவர்கள் என்றால் இன்னும் யோசிப்பார்கள்.

சின்னத் துளை வழியாக எப்படி?

முதலில் சிடி ஸ்கேனில் எலும்பு முழுசா கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மயக்க மருந்து கொடுத்துக் குப்புறப் படுக்க வைத்து, சி-ஆர்ம் எக்ஸ்ரே உதவியோடு ஸ்க்ரூ இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். பழைய தழும்பின் மேலேயே 2 செ.மீ. அளவில் வெட்டு. தசையை அறுக்காமல் விலக்கி, குழாய் போன்ற கருவியை இறக்குவார்கள். ஸ்க்ரூ தலையில் உள்ள மூடியைக் கழற்றி, கம்பியை உருவி, கடைசியாக ஸ்க்ரூவைத் திருகி எடுப்பார்கள்.

கேட்க சுலபம்தான். ஆனால் ஸ்க்ரூ தலை மேல் தழும்புத் திசு மூடியிருக்கும், சில சமயம் எலும்பே வளர்ந்திருக்கும். அதைவிடப் பெரிய தலைவலி, ஸ்க்ரூ டிரைவர். ஒவ்வொரு கம்பெனி ஸ்க்ரூவுக்கும் தலை அமைப்பு மாறும். பொருந்தாத டிரைவரைப் போட்டால் ஸ்க்ரூ தலை வழுக்கிப் போகும், வெட்டைப் பெரிதாக்க வேண்டி வரும்.

எனவே முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, ஸ்க்ரூ பெட்டியில் இருந்து ஃபைலில் ஒட்டிய ஸ்டிக்கர் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். மொபைலில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி என்று போனால் அந்த ஸ்டிக்கர்தான் டாக்டருக்கு வழிகாட்டி.

வலி போயிடுமா?

உத்தரவாதம் இல்லை. ஸ்க்ரூ தலை தசையில் உரசுவதால் வந்த வலி என்றால் குறைய வாய்ப்பு அதிகம். டிஸ்க் தேய்மானத்தால் வரும் வலி, ஸ்க்ரூவை எடுத்தாலும் இருக்கும். நிமிர்த்தி வைத்த முதுகு எடுத்த பிறகு கொஞ்சம் கூன் விழுவதும் உண்டு. இந்த இரண்டையும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுவது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோயாளிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சிக்கல் இல்லை என்றால் அன்றே அல்லது மறுநாளே எழுந்து நடக்கலாம். ஸ்க்ரூ இருந்த ஓட்டைகளில் எலும்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். எனவே தண்ணீர் கேன், சிலிண்டர் தூக்குவதெல்லாம் டாக்டர் சொன்ன பிறகுதான். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், காயத்தில் நீர் கசிவு, காலில் மரத்துப்போதல் அல்லது பலவீனம், சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருந்தால் அடுத்த ரிவியூ தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.