உடம்புக்கு நம்பர் இல்லாத கார்

ரெண்டு மூணு வாரமா ராத்திரி ஆபீஸ் வேலை முடிஞ்சதும் ஒரே காரைப் பத்திதான் படிச்சிட்டிருக்கேன். கிளாஸ்பார் ஜி2. 1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் உருவான ஃபைபர்கிளாஸ் ஸ்போர்ட்ஸ் கார். ஃபைபர்கிளாஸ் கார்னா எல்லாரும் கார்வெட்டைத்தான் சொல்வாங்க. அது 1953 ஜனவரியில்தான் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தது. அந்த வருஷம் செய்தது மொத்தம் 300 வண்டி. கிளாஸ்பார் அதுக்கும் முந்தியது.

செய்தவர் பில் ட்ரிட், படகு கட்டுகிறவர். நண்பர் கென் புரூக்ஸ் தன்னுடைய வில்லிஸ் ஜீப் சேஸிக்கு ஒரு பாடி கேட்டார். ட்ரிட் படகு செய்யும் முறையிலேயே செய்து கொடுத்தார்: அச்சு, மெழுகு, கண்ணாடி இழை, ரெசின். நம்ம கடற்கரை ஊர்களில் ஃபைபர் போட் கட்டுறதைப் பார்த்தவங்களுக்கு இது புதுசில்லை. 1952 பிப்ரவரியில் லைஃப் பத்திரிகை இந்த 'பிளாஸ்டிக்' கார்களைப் பற்றி எழுதியதும் பெயர் பரவியது.

ஆனால் பெரும்பாலும் விற்றது முழுக் கார் இல்லை, வெறும் பாடி. விலை சுமார் 650 டாலர். வாங்கியவர் பழைய ஃபோர்டோ மெர்க்குரியோ தேடிப் பிடிச்சு, அதன் சேஸி மேல் இதை ஏற்றி, டேஷ்போர்டு, வயரிங், சீட் எல்லாத்தையும் தானே செய்துக்கணும்.

இங்கதான் என் மாதிரி ஆளுக்குத் தலைவலி. ஒரு வண்டியின் சரித்திரத்தைத் தேட ஒரு பிரைமரி கீ வேண்டும். இதில் ஆர்.சி. புத்தகம் மாதிரியான காகிதத்தில் இருப்பது பழைய ஃபோர்டின் நம்பர். 'கிளாஸ்பார்' என்ற சொல்லே அதில் இல்லாமல் போகலாம். 1932 முதல் 1948 வரையான ஃபோர்டு வி8களில் இன்ஜின் பிளாக்கில் நம்பர் அடிப்பதில்லை. கியர்பாக்ஸ் கூட்டிலும் சேஸியின் இடது பக்கத்திலும்தான் அடிச்சிருப்பாங்க. கியர்பாக்ஸை மாற்றியிருந்தால் அந்தத் தடம் போச்சு. சேஸி நம்பரைப் பார்க்க சில சமயம் பாடியையே தூக்க வேண்டியிருக்கலாம். அப்படிப் பார்த்தாலும் தெரிய வருவது அடியில் இருக்கும் ஃபோர்டின் கதைதான், மேலே இருக்கும் உடம்பின் கதை இல்லை.

அந்த உடம்பின் கதை உள்பக்கத்தில் இருக்கு. வெளிப்பக்கம் அச்சில் ஒட்டி வழவழப்பாக வரும். உள்பக்கம் சொரசொரன்னு இழை தெரிய அப்படியே நிற்கும். முதல் சொந்தக்காரர் ஸ்டீயரிங் தண்டுக்குப் போட்ட ஓட்டை, தப்பான இடத்தில் வெட்டிப் பிறகு அடைத்த மீட்டர் துளை எல்லாம் அங்கே படிக்கக் கிடைக்கும். பெயிண்டை உரிக்க ரசாயனம் ஊற்றினால் ரெசினும் சேர்ந்து கெடலாம். மணல் பீச்சினால் இழையே பிய்யும். அதனால் கையால்தான் தேய்க்கணும், அடுக்கடுக்காக. கதவுக் கீல் பக்கத்து விரிசலைச் சரிவாகத் தேய்த்து, உறுதியான பகுதி வரை போய், புது மேட் வைக்கணும்.

'ஒரிஜினலா மாத்திட்டோம்'னு சொல்றாங்களே, அதுதான் எனக்குப் புரியலை. ஃபேக்டரியிலிருந்து முழுசா வெளிவராத காருக்கு எது ஒரிஜினல்? கோணலாக இருந்தாலும் அந்த முதல் ஆள் செய்த டேஷ்போர்டுதான் அதன் ஒரிஜினல். அதைக் கழற்றிவிட்டுப் பளபளன்னு புதுசு போட்டால், அவர் இருந்ததுக்கான ஒரே சாட்சியும் போயிடும்.

இதை எழுத எனக்குத் தகுதி குறைவு. அப்பாவோட பழைய ஸ்கூட்டரை நானே நின்னு மொத்தமா சுரண்டச் சொல்லி பெயிண்ட் அடிச்சேன். டூல் பாக்ஸ் மூடிக்கு உள்ளே அவர் ஆணியால் கிறுக்கி வெச்சிருந்த ஆயில் மாத்தின தேதியெல்லாம் போயிடுச்சு. ஒரு போட்டோகூட எடுக்கலை.